ஓசி பேப்பருக்குக் காசு கொடுத்தது யார்?

பேப்பரை ஓசியில் படிக்கும் பழக்கம் செல்போன் வந்த பிறகு தொடங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீக்கடை பெஞ்ச், சலூன் நாற்காலி, ரயில் பெட்டி, கட்சிப் படிப்பகம், கிளை நூலகம், பக்கத்து வீட்டுத் திண்ணை... இந்த இடங்களில் பத்துப் பைசா செலவில்லாமல் நாற்பது வருடம் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டவர்கள் நம்மிடம் ஏராளம். என் அப்பாவே அப்படித்தான். விடிந்ததும் தெருமுனை டீக்கடைக்குப் போவார். குடிப்பது ஒரு டீ, படிப்பது மூன்று பேப்பர்.

டீக்கடை பேப்பருக்கு என்று ஒரு முறை உண்டு. முழுப் பேப்பர் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. கடை திறந்த பத்தாவது நிமிடம் அது தாள் தாளாகப் பிரிந்துவிடும். கடைசிப் பக்கம் ஒருவரிடம், உள்ளூர்ச் செய்தி இன்னொருவரிடம், சினிமா விளம்பரம் மூன்றாமவரிடம். "அண்ணே, அந்த ஷீட்டை முடிச்சா இங்கிட்டுத் தள்ளுங்க" என்று ஒரு குரல் வரும். எழுத்துக்கூட்டத் தெரியாத பெரியவர்களுக்காக ஒருவர் சத்தம் போட்டு வாசிப்பார். 1942-ல் எங்கள் மதுரையில்தான் சி.பா.ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கினார். டீக்கடையில் வாசிக்கக் கேட்டாலே புரிகிற தமிழ்தான் அந்தப் பேப்பரின் பலம். கன்னித்தீவுக்காக மட்டும் டீக்கடைக்குப் போன பையன்கள் இன்று தாத்தாவாகிவிட்டார்கள். கதை இன்னும் முடிந்தபாடில்லை.

வைகை எக்ஸ்பிரஸில் அடிக்கடி சென்னை போனவர்களுக்கு இன்னொரு காட்சி தெரிந்திருக்கும். மதுரையில் ஒருவர் பேப்பர் வாங்கிக்கொண்டு ஏறுவார். திண்டுக்கல் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர், "சார், நடுப்பக்கம் கொஞ்சம்..." என்பார். திருச்சி தாண்டும்போது காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றுமே இருக்காது. இறங்கும்போது பேப்பரைத் திருப்பிக் கேட்கவும் கூச்சம். கேட்டால் கஞ்சன் என்பார்கள்.

ஆக, ஓசி நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த ஓசி ஒவ்வொன்றுக்கும் பின்னால் காசு கொடுத்த ஓர் ஆள் இருந்தார். டீக்கடைக்காரர் சீனி, டீத்தூள் மாதிரி பேப்பரையும் தொழில் செலவில் எழுதிக்கொண்டார். சலூன்காரர் காத்திருப்பவர்களை உட்கார வைக்க வாங்கினார். நூலகத்தில் இலவசமாகப் படித்தோம் என்றால், நம் வீட்டு வரி ரசீதிலேயே நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் உபயம் அது. ரயிலில் படித்தோம் என்றால், பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்திருந்தார்.

போனில் படிக்கும்போது அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு உறுத்தல் தொடங்கிய இடம் அதுதான்.

எங்கள் வீட்டில் பேப்பரை நிறுத்தியது மூன்று வருடங்களுக்கு முன்பு. "எல்லாம் போன்லயே ஃப்ரீயா வருதேம்மா, எதுக்கு மாசம் 240 ரூபா?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச்சில் தெருவில் பாதி வீடுகள் வைரஸ் பயத்தில் பேப்பரை நிறுத்தின. பல வீடுகளில் அது திரும்ப வரவே இல்லை. எங்கள் வீட்டில் அப்போதும் வந்துகொண்டிருந்தது, மாமாவுக்காக. அவருக்கு எண்பத்திரண்டு வயது. பஞ்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கடைசியில் அவரே, "சரிப்பா, நிப்பாட்டிக்கோ. எனக்கும் எழுத்து சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் நாலு போன். ஒவ்வொன்றுக்கும் 28 நாளைக்கு 300 ரூபாய் சொச்சம் ரீசார்ஜ். மாதக் கணக்கு என்று நினைக்கிறோம், ஆனால் 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பதிமூன்று முறை வருகிறது. பன்னிரண்டு மாதத்துக்குப் பதிமூன்று சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் செல்போன் கம்பெனிதான். மாதம் 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, 240 ரூபாய் மிச்சம் பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த 1,200-ல் ஒரு ரூபாய்கூட செய்தி எழுதினவருக்குப் போவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இதற்காக மகனைக் குறை சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை அள்ளிக் கொடுத்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தி என்பது குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி. யாரோ கிணறு வெட்டியிருப்பார்கள் என்ற நினைப்பு வராது.

போனால் எனக்குக் கிடைத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிலும் ஒன்றைப் பெண்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் வீட்டில் பேப்பர் ஐந்தரை மணிக்கு வரும். முதலில் மாமா. அவர் முதல் பக்கத்தின் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்தின் அச்சிட்டவர் பெயர் வரை படிப்பார். அடுத்து என் வீட்டுக்காரர், ஷூ மாட்டிக்கொண்டே பாதி. பிறகு மைத்துனர். அப்புறம் மாடியில் குடியிருந்தவர், "ஒரு பார்வை பாத்துட்டுத் தர்றேன்" என்று எடுத்துப் போவார். நாங்கள், அதாவது அத்தையும் நானும், பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, சாப்பிட்டு உட்காரும்போது மணி இரண்டு. அப்போது பேப்பர் கசங்கி, காபிக் கறை பட்டு, குறுக்கெழுத்தில் பாதி யாரோ பேனாவில் தப்பும் தவறுமாக நிரப்பியிருக்க, எங்களிடம் வரும். செய்தி பழசாகியிருக்கும். சில நாள் அதில் அப்பளம் பொரித்து வடிய வைத்திருப்போம். அப்பளத்தை எடுத்துவிட்டு எண்ணெய்க்கு நடுவில் தலையங்கம் படித்த நாட்களும் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன் வந்த பிறகுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக, வீட்டில் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குச் செய்தி தெரிந்தது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் நாலு தலைப்பு படித்துவிடலாம். "முதலமைச்சர் என்ன அறிவிச்சிருக்கார் தெரியுமா?" என்று நான் சொல்ல, அவர்கள் கேட்டார்கள். இருபத்தைந்து வருடம் வரிசையில் கடைசியில் நின்றவளுக்கு இது சின்ன விஷயமில்லை. என் அம்மாவுக்குக் கண்புரை. போனில் எழுத்தைப் பெரிதாக்கி ராசிபலனும் நகை விலையும் அவரே பார்த்துக்கொள்கிறார். துபாயில் இருக்கும் தங்கை மகள் மாட்டுத்தாவணியில் மழைத் தண்ணீர் நின்றதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு போன் பண்ணுகிறாள்.

மழை லீவு விஷயத்தில் பேப்பர் போட்டிக்கே வர முடியாது. கலெக்டர் காலை ஆறு மணிக்கு விடுமுறை அறிவிப்பார். பேப்பர் அதற்கு நாலு மணி நேரம் முன்பே அச்சாகி வேனில் ஏறியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் 'தி இந்து' ஒருநாள் வெளிவரவே முடியவில்லை. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாத நிலை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கே அந்தக் கதி. அன்று எங்கள் சித்தி குடும்பம் முடிச்சூர் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. எந்த ஏரியாவுக்குப் படகு போகிறது என்ற தகவல் சிக்னல் கிடைத்த அரை மணி நேரத்தில் போனில்தான் வந்தது.

அதனால் 'அச்சுதான் உசத்தி, போன் எல்லாம் குப்பை' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காகித வாசனை, மை வாசனை என்று உருகுகிறவர்களிடமும் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். எனக்கு வந்தது அப்பள வாசனைதான்.

ஆனால் இலவசத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னக் கட்டம். காலை 9 முதல் மாலை 5 வரை, இந்தத் துணை மின்நிலையம், இந்த இந்தத் தெருக்கள். நாலு வரி, மிக்சியில் மாவை முதல் நாளே ஆட்டி வைத்துவிடலாம். அதே செய்தி போனில், 'மக்களே உஷார்! நாளை இந்த ஏரியாவில் கரன்ட் இருக்காது... உங்க ஏரியா இருக்கா?' என்று வரும். தொட்டால் முதல் பத்தி, மின்சாரம் மனித வாழ்வில் எவ்வளவு முக்கியம் என்று விளக்கும். அடுத்து ஒரு விளம்பரம். இரண்டாவது பத்தி, தமிழ்நாட்டில் மின்தடை ஏன் செய்யப்படுகிறது. இன்னொரு விளம்பரம், மூடுகிற எக்ஸ் குறி எறும்புக் கண் அளவு. அதைத் தொட்டால் ஏதோ லோன் ஆப் திறக்கும். கடைசியில் பட்டியலைக் கண்டுபிடித்தால் அது கோயம்புத்தூருக்கு.

இதை எழுதியவரும் பாவம்தான். எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களுக்கு விளம்பரக் காசு. நாலு வரியில் சொல்லிவிட்டால் நாம் நாலு நொடியில் போய்விடுவோம். காசு கொடுக்காத வாசகரிடம் நேரத்தைத்தானே பிடுங்க முடியும்?

இன்னொரு வகை ஓசியும் உண்டு. விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'குட் மார்னிங்' ரோஜாப்பூவுக்குப் பின்னால் அன்றைய பேப்பர் முழுதும் பிடிஎஃப்-ஆக வந்து விழும். ஊரடங்கு நேரத்தில் இது உச்சத்துக்குப் போனது. 2020 மே மாதம், ஓர் இந்தி நாளிதழை இப்படிச் சுற்றுக்கு விட்ட டெலிகிராம் சேனல்களை நீக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் குரூப்பில் அது யார் காதிலும் விழவில்லை. மாமா சில நாள் முயற்சி செய்தார். ஆறு அங்குலத் திரையில் ஒரு முழுப் பக்கம். இரண்டு விரலால் விரித்து விரித்து, ஒரு செய்தியின் வலப்பக்கம் தெரிந்தால் இடப்பக்கம் ஓடிவிடும். "இது பேப்பர் படிக்கிறது இல்லம்மா, பேப்பர்ல பேன் பாக்குறது" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

பேப்பர் விலை பற்றியும் ஒரு வார்த்தை. நாம் கொடுக்கும் விலை காகிதத்துக்கும் மைக்கும்கூடக் கட்டாது. மிச்சத்தை நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அரசு டெண்டரும் 'மணமகள் தேவை'யும் கட்டின. எனவே அன்றைய வாசகரும் பாதி ஓசிதான்! காகிதத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. 2019-ல் அதற்கு 10 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்ட பிறகு மறு வருடம் 5 ஆக்கினார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் காகித விலை மறுபடி ஏறியது. அதே சமயம் வரி விளம்பரம் கொடுத்தவர்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டார்கள். இணைய விளம்பரத்தில் பெரும்பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. இந்த இரண்டு கம்பெனிகளும் நம்ம ஊர் நகராட்சிக் கூட்டத்துக்கு ஒரு நிருபரை அனுப்பப் போவதில்லை.

கனடாவில் 2023-ல் செய்திகளுக்குக் காசு கொடுங்கள் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டா என்ன செய்தது தெரியுமா? அந்த நாட்டில் செய்தியே காட்ட மாட்டேன் என்று நிறுத்திவிட்டது. அதே ஆகஸ்டில் யெல்லோநைஃப் என்ற ஊரைக் காட்டுத்தீ நெருங்கி, சுமார் 20,000 பேர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அந்த நேரத்திலும் ஃபேஸ்புக்கில் செய்திச் சுட்டியைப் பகிர முடியவில்லை. இலவசமாக ஒருவர் கொடுப்பதை அவர் நினைத்தால் நிறுத்தலாம். கேட்க நம்மிடம் ரசீதுகூட இருக்காது.

எங்கள் வீட்டில் பேப்பர் திரும்ப வந்ததற்கு இந்தக் கணக்கெல்லாம் காரணமில்லை. அது ஒரு சாவுச் செய்தி.

மாமாவோடு மில்லில் ஒரே ஷிஃப்ட் பார்த்த நண்பர் ஒருவர் போடியில் மகன் வீட்டோடு இருந்தார். போன வருடம் ஐப்பசியில் இறந்துபோனார். மகன் வெளியூர் வேலைக்காரர். அப்பாவின் பழைய சிநேகிதர்கள் நம்பர் எதுவும் அவரிடம் இல்லை. எல்லாம் பெரியவரின் டைரியில் இருந்த பழைய லேண்ட்லைன் எண்கள். அதனால் அந்தப் பிள்ளை முறையாக என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மதுரைப் பதிப்பில் அப்பாவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் ஒன்று கொடுத்தார். அந்தத் தலைமுறைக்கு அதுதான் அழைப்பிதழ். பேப்பரில் போட்டாயிற்று என்றால் எல்லோர் வீட்டு வாசலிலும் போய்ச் சொன்ன மாதிரி.

எங்கள் வாசலில் அப்போது பேப்பர் விழவில்லை. மாமாவுக்கு விஷயம் தெரிந்தது தை மாதம், ஒரு கல்யாண வீட்டில், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம், "அவன் பொண்ணு கல்யாணத்துக்கு என் கையாலதான் மொய் எழுதுனேன்" என்று மட்டும் சொன்னார். அந்த விளம்பரம் எந்தத் தேடலிலும் கிடைக்கவில்லை. போனில் வருகிற செய்திகளில், போடியில் இறந்துபோன ஒரு மில் தொழிலாளிக்கு இடமில்லை. யார் அதைத் தொடப் போகிறார்கள்?

மறுநாள் பேப்பர்காரரை வரச் சொன்னேன். இந்த ஏரியாவில் முப்பது வருடமாகப் பேப்பர் போடுகிறவர். மூன்று மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்ட் போய்க் கட்டை வாங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இணைப்பை உள்ளே சொருகி, லைன் பிரித்து, வெளிச்சம் வருவதற்குள் போட்டு முடிப்பார். முன்பு மூன்று பையன்கள் இருந்தார்கள். இப்போது அவரே டிவிஎஸ் எக்ஸெல்லில். முன்பக்கம் பேப்பர், பின்பக்கம் பால் பாக்கெட்.

"எத்தனை வீடுண்ணே போடுறீங்க இப்ப?"

"முந்தி 280 வீடுக்கா. இப்ப 90 இருக்கும். அதுலயும் ஞாயித்துக்கிழமை மட்டும் போடுங்கன்னு இருபது வீடு. பாலு மட்டும் இல்லைன்னா வண்டிக்குப் பெட்ரோல் போட முடியாது."

"நாங்களும் ஞாயிறு மட்டும் கேட்டா?"

"உங்களுக்காக இல்லக்கா, ஐயாவுக்காகச் சொல்றேன். சாவுச் செய்தி ஞாயித்துக்கிழமை பாத்து வராது."

விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. பேப்பர்காரருக்கும் பால்காரருக்கும் தெரியாதது தெருவில் எது? இரண்டும் இவர் ஒருவரே வேறு.

இப்போது ஒரு பேப்பர் தினமும் வருகிறது. அதோடு, நான் அதிகம் படிக்கிற ஒரு இணையதளத்துக்கு வருடச் சந்தாவும் கட்டியிருக்கிறேன். நாளுக்கு மூன்று ரூபாய்தான் ஆகிறது. மகன் சிரித்தான். "ரெண்டுக்குமா காசு கொடுப்பாங்க?" என்றான். ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு என்றேன். இனி இரண்டு மணி வரை காத்திருக்க நான் தயாரில்லை. காசு கொடுத்த பிறகு எனக்கே ஒரு மிடுக்கு வந்திருக்கிறது. ஒரு செய்தியில் எங்கள் வார்டு எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். 'சந்தாதாரர்' என்று தலைப்பிட்டு மெயில் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டார்கள். ஓசியில் படித்த காலத்தில் தப்பைப் பார்த்தாலும் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

எல்லோராலும் இப்படிக் கட்ட முடியாது என்பதும் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சந்தா கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாரதியார் 1906-ல் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியா' வார இதழில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அரசாங்கத்தாருக்கும் ஜமீன்தார்களுக்கும் கூடுதல் சந்தா, நல்ல வருமானம் உள்ளவர்களுக்கு ஒன்று, சாதாரண ஜனங்களுக்கு மிகக் குறைந்த தொகை. வசதி உள்ளவர் கொஞ்சம் கூடக் கொடுத்தால் இல்லாதவரும் படிக்கலாம். டீக்கடைக்காரர் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். இன்றைய இணையதளங்கள் ஏன் இதை யோசிப்பதில்லையோ. ஒன்று முழுசாகப் பூட்டுகிறார்கள், இல்லையென்றால் லோன் ஆப் விளம்பரத்தால் நம்மை வறுக்கிறார்கள்.

பேப்பர் திரும்ப வந்ததில் எதிர்பாராத ஒரு தொந்தரவும் சேர்ந்துகொண்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு வாரம் ஒரு செய்தி கத்தரித்து நோட்டில் ஒட்டிவர வேண்டும். எங்கள் தெருவில் அந்த வகுப்பில் ஐந்து பிள்ளைகள். பேப்பர் வருகிற வீடு எங்களுடையது மட்டும்தான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கத்தரிக்கோலும் ஃபெவிகாலுமாக வாசலில் நிற்கிறார்கள். சுத்தமான ஓசி. யானைப் படம் வந்தால் ஐந்து பேருக்கும் அதுவே வேண்டும், அடிதடி. மாமா சேரை வாசலில் போட்டு உட்கார்ந்து, பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கிறார். அஞ்சலிப் பக்கத்தை மட்டும் மடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். "இதுல கைய வைக்காதீங்கடா, தாத்தா இன்னும் படிக்கல."